கொளஞ்சியம்மாளின் நீலப் பீப்பாய்

கொளஞ்சியம்மாளுக்கு உட்காரத் தெரியாது என்று உப்பளத்தில் ஒரு பேச்சு உண்டு. நண்பகல் வெயிலில் மற்றப் பெண்கள் கொட்டகை நிழலில் கால் நீட்டிக் கஞ்சி குடிக்கும்போது, அவள் நின்றபடியே குடிப்பாள். குடித்த தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையின் ஈரம் காயுமுன்னே வரப்பின்மேல் ஏறி, அடுத்த பாத்தியில் உப்புப் பூத்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். எட்டிப் பார்ப்பதால் உப்பு விரைந்து பூத்துவிடாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால்கள் கேட்பதில்லை.

பாவாடை கட்டிய பருவத்திலேயே தலையில் உப்புக்கூடை ஏறியது. மரக்காணத்து உப்பளங்களில் அவள் மிதிக்காத வரப்பு அரிது. கணவன் நடராசனும் உப்பள வேலையாள்தான். ஆனால் அவனுடைய மனம் என்னவோ வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு கொல்லையிலேயே இருந்தது. நாள் முழுதும் உப்பை வாரிவிட்டு வருபவன், மாலையில் அங்கே கத்தரிக்கும் கீரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் முகம் கழுவுவான். ஒரே மகள் செங்கல்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபின், அவனுக்கு அந்தக் கொல்லையே பிள்ளையாயிற்று.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் கழிமுகத்தின் வழியே ஊருக்குள் ஏறி வந்தது. வீடு நின்றது, உயிர்களும் பிழைத்தன. கொல்லையில் மட்டும் கடல் நீர் பல நாள் தேங்கி நின்றது. அது வற்றியபோது செடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மண்ணின்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்து, மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கியது. நடராசன் இருமுறை கீரை விதைத்தான். இருமுறையும் விதை போன இடம் தெரியவில்லை. அதன்பின் அவன் கொல்லைக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

இரும்பை என்ற செம்மண் ஊரில் அவனுடைய தங்கை மங்கம்மா இருந்தாள். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாக இருந்தது. பக்கத்திலேயே குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலைக்கு ஆள் தேடினார்கள். அடுத்த தை பிறந்ததும் வந்து சேர்வதாக நடராசன் சொல்லி அனுப்பிவிட்டான். சொல்லி அனுப்பிய பிறகே மனைவியிடம் சொன்னான்.

"அங்க போயி நான் இன்னா பண்றது? செம்மண்ணப் பாத்துனு குந்தினு இருக்கறதா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"குந்தித்தான் பாரேன் ஒரு நாளு."

"எனக்குத் தெரிஞ்சது உப்புதாங்க. இந்த வயசுல என்னப் புடுங்கி அங்க நட்டா நான் பட்டுப்பூடுவேன்."

"இந்த மண்ணு செத்துப்போச்சு, கொளஞ்சி. செத்ததக் கட்டினு அழ முடியாது. ஒரு கீரை, ஒரே ஒரு கீரை இதுல மொளைச்சு வரட்டும். நான் இரும்பைப் பேச்சையே எடுக்கல."

கோபத்தில் சொன்னதுதான். ஆயினும் அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். தைக்குள் அந்தக் கொல்லையில் ஏதேனும் ஒன்று பச்சையாக எழுந்து நிற்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பளத்தில் நின்றால் கொல்லை நினைவு. கொல்லையில் நின்றால் தையின் நினைவு.

ஆடி மாதத்தில் சந்தியா என்ற பெண் ஊருக்கு வந்தாள். அலைக்குப்பின் உதவி செய்ய வந்த ஒரு குழுவில் அவள் வேலை பார்த்தாள். தெருமுனையில் எல்லோரும் கொட்டும் சோற்றையும் காய்த்தோலையும் நாய்கள் இழுத்துப் பரப்பி, ஈ மொய்த்து, குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வந்துகொண்டிருந்த காலம் அது. வேப்பமரத்தடியில் பெண்களைக் கூட்டி வைத்து, அந்தக் குப்பையை வீட்டிலேயே மக்க வைத்தால் தெருவும் துப்புரவாகும், எருவும் கிடைக்கும் என்றாள் சந்தியா.

"கூட்டத்துக்கு வந்தா பக்கெட்டு குடுப்பாங்கன்னாங்களே, அது எப்போம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. "உப்புத் தண்ணி நின்ன மண்ணு திரும்புமா?" என்று கேட்டாள்.

"திரும்பும்க்கா. உப்பு ஏறின மண்ணு இறுகிப்போய்க் கெடக்கும். மக்கின எருவப் போட்டா பொலபொலன்னு ஆகும். அப்புறம் மழை பேஞ்சா உப்பு கரைஞ்சு கீழ எறங்கிடும்."

திரும்பும் என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாயிருந்தது. அலைக்குப்பின் தண்ணீர் பிடித்து வைக்கக் கொடுத்த நீலப் பீப்பாய் ஒன்று, அடியில் விரிசல் விட்டு மூலையில் கிடந்தது. சந்தியா கம்பியைக் காய்ச்சி அதைச் சுற்றித் துளைகள் இட்டாள். கொஞ்சம் காய்த்தோல், அதன்மேல் அதைப்போல் இரு மடங்கு சருகு, நடுவே சிறிது சாணக்கரைசல் என்று அடுக்கிக் காட்டினாள்.

"வாரத்துக்கு ஒரு தரம் கிளறி விடுங்க. மத்தபடி சும்மா இருங்க, அதுவே மக்கிடும்."

அவ்வளவு நேரம் சொன்னதில் அந்த ஒன்றுதான் கொளஞ்சியம்மாளால் இயலாதது. விடிந்ததும் மூடியைத் திறப்பாள். உப்பளத்துக்குக் கிளம்பும்போது திறப்பாள். திரும்பி வந்து கால் கழுவுமுன் திறப்பாள். சில நாளில் பீப்பாய்க்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஓர் ஆவி எழுந்து முகத்தில் பட்டது. அவளுக்கு உள்ளம் பொங்கியது. அடுத்து வந்தவை புழுக்கள். வெள்ளை வெள்ளையாக விளிம்புவரை ஏறி நெளிந்தன. நாற்றமும் சேர்ந்துகொண்டது.

"சோறு துண்ற எடத்துக்குப் பக்கத்துல புழு வளக்கறியா?" என்று முகத்தைச் சுளித்தான் நடராசன்.

அவன் சொல்லி வாய் மூடுமுன் அவள் கை அடுக்களையிலிருந்த உப்புப் பானைக்குப் போயிற்று. அவள் யோசித்துச் செய்யவில்லை. மிஞ்சிய மீன் கெடாமலிருக்க உப்பு. எறும்பு வரிசைக்கு உப்பு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் அட்டைக்கும் உப்பு. உப்பளத்து வீடுகளில் எது கெட்டாலும் எது நெளிந்தாலும் கை போகும் இடம் ஒன்றே. இரண்டு கை அள்ளித் தூவினாள். மறுநாள் ஒரு புழு இல்லை. நாற்றமும் அடங்கிப்போயிற்று.

இவ்வளவு எளிய வழியை அந்தப் பெண் சொல்லாமல் விட்டாளே என்று கொளஞ்சியம்மாள் வியந்துகொண்டாள். அன்றுமுதல் காய்த்தோலைப் போடுந்தோறும், குழம்பை இறக்குமுன் செய்வதுபோல், ஒரு கை உப்பையும் தூவிவிட்டே மூடினாள். அக்கம்பக்கத்தில் யாருடைய வாயிலும் நாற்றம் என்ற பேச்சு எழவில்லை. ஈயும் அண்டவில்லை.

புரட்டாசியில் பீப்பாய் நிறைந்தது. கறுத்துப் பொடியாகி மழைமண் வாசனை வந்தால் எரு ஆயத்தம் என்று சந்தியா சொல்லியிருந்தாள். கொளஞ்சியம்மாள் அடிவரை கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். ஆடியில் போட்ட அவரைக்காம்பு அவரைக்காம்பாகவே வந்தது. வாழைப்பழத்தோல் பழுப்பு நிறமாகிப் பளபளத்தது; பூசணித்தோல் நறுக்கிய விளிம்பு மாறாமல் இருந்தது. மேலும் சாணம் கரைத்து ஊற்றினாள். புளித்த மோரை ஊற்றினாள். வாரத்துக்கொரு முறை என்றதை நாளுக்கொரு முறை கிளறினாள். ஒன்றும் அசையவில்லை.

நடராசன் கேலி செய்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பேசாமல் பரண்மேலிருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, துடைத்து, சாக்கில் கட்டத் தொடங்கினான். ஒவ்வொரு முடிச்சும் அவள் நெஞ்சுக்குள் இறுகியது. அவன் கட்டிவைத்த சாக்கை, அரிசி களைய வேண்டும் என்று அவள் அவிழ்ப்பாள். அவன் மீண்டும் கட்டுவான்.

பக்கத்து வீடு சைத்தூன் பீவியினுடையது. அவள் கணவர் மீரான், தெருவில் சிறு மளிகைக்கடை வைத்திருந்தார். சைத்தூன் பீவி போடும் எலுமிச்சை ஊறுகாய்க்கு அந்தத் தெருவில் ஈடு கிடையாது. ஒரு பிற்பகலில், கொளஞ்சியம்மாள் பீப்பாயைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதனோடு சண்டை போடுவதைக் கண்டு, அவள் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு வாழைப்பழத்தோலை எடுத்து விரலால் நசுக்கினாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"அல்லாவே! கொளஞ்சி, இதுல உப்பு போட்டியா?"

"புழு வந்துச்சுக்கா. ரெண்டு கை போட்டேன்."

"ரெண்டு கைக்கு இப்பிடி ஆவாதே."

"ரெண்டு கைன்னா... தெனமும் ஒரு கை."

சைத்தூன் பீவி அப்படியே மண்ணில் அமர்ந்துவிட்டாள். சிரிப்பு அவளை உலுக்கியது. "குப்பைய ஊறுகா போட்டு வச்சிருக்கியேடி! கொஞ்சம் மொளகாத்தூளும் நல்லெண்ணையும் ஊத்து; எங்கூட்டு நோம்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கறோம். உப்புல கெடந்தா எதுடி மக்கும்? மக்கக்கூடாதுன்னுதானே நாம உப்பே போடறோம்!"

கொளஞ்சியம்மாளின் முகம் வெளிறியது. ஒன்று கெடாமலிருக்க உப்பிட வேண்டும் என்பதைப் பிறவியிலிருந்தே அறிந்தவள் அவள். கெட்டுப்போக வேண்டும் என்று தான் விரும்பிய பொருளுக்கே அதைச் செய்திருக்கிறாள். கொல்லைக்கு அந்த அலை ஒரு காலையில் செய்ததை, பீப்பாய்க்கு இவள் தன் கையாலேயே நாள்தோறும் செய்திருக்கிறாள். அலை வந்தபோது கடலை வைதாள் அல்லவா? இப்போது யாரை வைவது?

"கொட்டிட்டுப் புதுசா ஆரம்பி. எங்கூட்டுத் தோலு, காம்பு எல்லாத்தையும் நானும் குடுக்கறேன்" என்றாள் சைத்தூன் பீவி, சிரித்து ஓய்ந்து.

"புதுசா ஆரம்பிச்சா தை வந்துடும்க்கா. அவரு வண்டி ஏத்திடுவாரு."

அவள் அங்குமிங்கும் நடந்தாள். கருவாட்டை என்ன செய்கிறோம்? உப்பு மிகுந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மீண்டும் ஊறவைக்கிறோம். கருவாட்டில் இறங்கும் உப்புக் குப்பையில் மட்டும் இறங்காமலா போகும்? மறுநாள் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து, பீப்பாயிலிருந்ததைப் பகுதி பகுதியாக ஊறவைக்கத் தொடங்கினாள். வடித்த உப்புநீரைக் கொல்லையில் விடாமல் ஓடைவரை சுமந்து போய்க் கொட்டினாள்.

குழாயடியில் செய்தி பரவ நேரமாகவில்லை.

"இன்னாக்கா, குப்பையக் குளிப்பாட்டறியாமே?"

"தீபாவளி வருதில்ல! எண்ணெ தேச்சு ஊத்தி, புதுத்துணியும் எடுத்துக் குடுக்கப்போவுது."

"சிரிங்கடி, சிரிங்க. உங்கூட்டுக் குப்பையையும் கொண்டாங்க, சேத்துக் குளிப்பாட்டறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்தாள்.

உப்பு இறங்கிவிட்டதா என்று எப்படி அறிவது? பாத்தி நீரைச் சோதிக்கும் பழக்கத்தில், வடித்த நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். வைத்ததும் காறித் துப்பினாள். மீண்டும் நனைத்தாள்.

"அடியே!" வாசற்படியிலிருந்து நடராசன் அலறினான். "பைத்தியம் புடிச்சுப்போச்சா? குப்பைத் தண்ணிய நக்கற!"

"இன்னும் கரிக்குதுங்க" என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே கண் கலங்கிற்று. அவன் உள்ளே போனான். அன்று சாக்குகளைக் கட்டவில்லை, அவிழ்க்கவும் இல்லை.

ஐப்பசி மழை அவள் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு பெய்த மழை கொஞ்சமன்று. உப்பளப் பாத்திகள் எல்லாம் மூழ்கி ஒரே ஏரியாயின. கொளஞ்சியம்மாள் குப்பையை மூங்கிற்கூடைகளில் அள்ளிக் கூரையின் இறவாரத்துக்கு நேராக வைத்தாள். ஓயாமல் ஒழுகிய நீர் அவற்றைக் கழுவி ஓடியது. வேலையில்லை, வெளியே போக வழியில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக அவள் நடந்த நடையில் வீட்டின் சாணத்தரை தேய்ந்தது. "மழையாவது நிக்கும் போலிருக்குது, நீ நிக்கமாட்டே" என்று கட்டிலில் கிடந்தபடி நடராசன் முணுமுணுத்தான்.

கரிப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் மீண்டும் பீப்பாயில் அடுக்கினாள். சைத்தூன் பீவி வேலிக்கு மேலாக வெங்காயத் தோலும் கறிவேப்பிலைக் காம்பும் நீட்டினாள். புதுச் சாணம் சேர்ந்தது. ஒரு மழைக்காலைப் பொழுதில் மூடியைத் திறந்து கையை நுழைத்தாள். உள்ளே சூடு இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டாற்போன்ற சூடு. அவள் கையை எடுக்கவே இல்லை.

புழுக்கள் மறுபடி வந்தன. அவள் கை உப்புப் பானைவரை போய், பானையைத் தொட்டு, திரும்பியது. நல்லவேளையாக அன்று சந்தியா வந்திருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உப்பு போடாதீங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க்கா! புழுவும் நமக்கு வேலைதான் செய்யுது. அதிகமா வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம். மேல சருகு, சாம்பல் போட்டு மூடிடுங்க, போதும்."

கார்த்திகை முடியும் வேளையில் பீப்பாயின் வாய்வரை இருந்தது கால் பங்காக இறங்கிவிட்டது. யாரோ திருடிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தாள். கையில் அள்ளியபோது அது கறுப்பாக, காப்பித்தூள்போல் உதிர்ந்தது. முகர்ந்தாள். கோடைமழை விழுந்த தரையின் மணம். காம்பும் தோலும் எங்கே போயின என்று சொல்ல முடியவில்லை.

அது கொல்லை முழுவதற்கும் காணாது. சுவரோரமாக ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, எருவைக் கலந்து, தண்டுக்கீரை விதையைத் தூவினாள். மேலே தென்னங்கீற்றைப் போர்த்தினாள். போர்த்திய கையாலேயே அதைத் தூக்கிப் பார்த்தாள்.

மங்கம்மாவிடமிருந்து மீரான் கடைத் தொலைபேசிக்கு அழைப்புகள் வந்தபடியிருந்தன. வண்டிக்குச் சொல்லிவிடலாமா, எந்த நாள் நல்ல நாள் என்று. "சொல்றேன்" என்று நடராசன் ஒத்திப்போட்டான்.

கீற்றைத் தூக்குவதும் மூடுவதுமாக அவள் அலைவதைக் கண்டு ஒருநாள், "தெறந்து தெறந்து பாத்தினா அது வெக்கப்பட்டு உள்ளயே இருந்துடும்" என்றான். பல மாதங்களுக்குப்பின் அவன் கொல்லையைப் பற்றிப் பேசிய பேச்சு அது.

மார்கழி தொடங்கிய ஒரு காலையில் கீற்றின் அடியில் செந்நூல் சிதறினாற்போல் ஏதோ தெரிந்தது. அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். கீரை. ஒன்றல்ல, பாய் அகலம் முழுதும். எரு எதுவரை விழுந்ததோ அதுவரை கோடு கிழித்தாற்போல் முளைத்திருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி அதே வெறுமை.

அவள் கூப்பிடுமுன் நடராசனே வந்து நின்றான். குந்தி அமர்ந்து, முளைகளுக்கு நோகாமல் ஓரமாக விரலை மண்ணுக்குள் விட்டான், துழாவினான்.

"நாலு விரக்கடைக்குக் கீழ பழைய மண்ணு அப்பிடியே கெட்டியாக் கெடக்குது."

"கீரைக்கு நாலு விரக்கடை போதும்" என்றாள் அவள். குரல் சண்டைக்கு ஆயத்தமாக இருந்தது.

"கீரைக்குப் போதும். வாழைக்குப் போதாது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரும்பைக்குப் போகிறவன் இங்கே வாழைக்கு மண் ஆழம் பார்ப்பானேன்? கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"வாழைக்கு எவ்ளோ வேணும்?"

அவன் எழுந்து நின்று தன் தொடையைத் தொட்டுக் காட்டினான்.

"யம்மாடி! நம்ம ரெண்டு பேரு துண்ற தோலுக்கு அது ரொம்புமா? வருசக்கணக்கா ஆவுமே?"

"ஆவும். அதுவரைக்கும் நீ சும்மா இருப்பியா?"

"மாட்டேன்."

"தெரியும். ரோட்டோரம் டீக்கடைல தெனமும் டீத்தூளு, வாழயெல, காய்த்தோலு எல்லாம் பள்ளத்துலதான் கொட்டறான். கேட்டா குடுப்பான்" என்றான் நடராசன், எங்கோ பார்த்துக்கொண்டு.

அன்று பகலில் மீரான் கடைத் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. சைத்தூன் பீவி வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். நடராசன் போய்ப் பேசினான். இரும்பை தூரம் என்பதனாலோ என்னவோ, அவன் தொலைபேசியில் எப்போதும் கத்தித்தான் பேசுவான், தெருவுக்கே கேட்டது.

"வண்டி வேணாம்மா, மங்கம்மா... ஆமா, வேணாம். அதான் சொல்றேனே, வேணாம்! உங்கூட்டாண்ட வாழக்கன்னு நெறைய கெடக்குதில்ல? நல்லதா ரெண்டு எடுத்து வையி. இப்ப இல்ல, அவசரமில்ல. நான் சொல்லும்போது பஸ்ஸுல குடுத்து அனுப்பு."

கொளஞ்சியம்மாள் அதை முழுதும் கேட்க நிற்கவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தேநீர்க்கடையை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.